கண்வழிக் கேள்வி

நுழையும்முன்

பேச்சு செவிக்கு மட்டுமே உரியது என்று எண்ணுகிறோம். எதிரே இருப்பவரின் முகத்தையும் நாம் ஓயாமல் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்வதில்லை. வளர்ந்தபின் கேட்கும் திறனை இழந்த ஒருவர், அந்த மறைந்த பழக்கத்தையே முயன்று வளர்த்துக்கொண்டால் சொற்கள் கண்வழியே வந்து சேரும். அவ்வாறு இதழசைவு படிப்பதன் இயல்பையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

கூட்டத்தில் ஒரு தனிமை

காரைக்குடிச் செக்காலையில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். திருமணப் பேச்சுக்காக உறவினர்கள் வளவில் கூடியிருக்கிறார்கள். அரிசி ஆலையின் இரைச்சலில் பல்லாண்டு பணியாற்றிச் செவித்திறன் குன்றிய பெரியவர் ஒருவரும் அங்கே அமர்ந்திருக்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், அவரும் சற்றே பிந்திச் சிரிக்கிறார். பேத்தியின் பக்கம் திரும்பி, "என்னத்தா சொன்னாக?" என்று கேட்கிறார். "ஒண்ணுமில்லையய்யா, பிறகு சொல்றேன்" என்று விடை வருகிறது. அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை.

இது கற்பனைக் காட்சியே. ஆயினும் இத்தகைய முதியவர் இல்லாத ஊர் இல்லை. பார்வை குன்றியவருக்குக் கைகொடுக்க விரையும் வீடு, செவி குன்றியவரிடம் பொறுமை இழந்துவிடுகிறது. கேள்வியைச் செல்வமாகப் போற்றி, அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். அச்செல்வத்தை இழந்தவர் உரையாடலில் தமக்குரிய இடத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

செவி அடங்கும் விதம்

உட்செவியில் காக்லியா எனப்படும் நத்தைச்சுருள் அமைந்துள்ளது. அதனுள் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்களே ஒலியதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றுகின்றன. முதுமை, நீடித்த பேரிரைச்சல், நோய்த்தொற்று, சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றால் அச்செல்கள் அழிகின்றன. மனிதரிடத்தில் அவை மீண்டும் முளைப்பதில்லை. காதொலிக் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். ஆனால் சிதைந்து கேட்கும் ஒலியை முழுமையாகத் தெளிவாக்கித் தராது. அந்தக் குறையை நிரப்பும் துணையே இதழசைவு படித்தல்.

பிறவியிலேயே கேளாதவர் மொழியையே புதிதாகக் கற்க வேண்டும். வளர்ந்தபின் செவி இழந்தவரிடம் மொழி முன்னரே நிறைந்திருக்கிறது. சொல் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அவர் மனம் அறியும். அதனை முகத்தில் காணக் கற்பதே அவருடைய பணி.

பிறப்பியல் காட்டும் வழி

எழுத்துகள் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துரைக்கிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டும் ஒலிப்பிறப்பிற்கு உரியவை. இவற்றுள் எதிரில் இருப்பவர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுவன இதழும் பல்லுமே. நாவின் நுனி ஓரளவு தெரியும். ஏனையவை மறைவிடங்கள். இதழசைவு படித்தலின் ஆற்றலும் எல்லையும் இந்த வரிசைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

அகர ஆகாரங்களுக்கு வாய் திறக்கும். உகரம், ஒகரம் முதலியவற்றுக்கு இதழ் குவியும். வகரத்திற்கு மேற்பல் கீழிதழைத் தொடும். இவை எளிதில் அறியத்தக்கவை. 'படம்', 'வடம்' என்னும் இரண்டையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். ஆனால், பகரத்திற்கும் மகரத்திற்கும் இதழ்கள் ஒன்றுபோலவே மூடித் திறக்கின்றன. மகரத்தின்போது மூச்சு மூக்கின் வழியே செல்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே 'படம்' என்பதும் 'மடம்' என்பதும், 'பணம்' என்பதும் 'மணம்' என்பதும் முகத்தில் ஒன்றே. 'கலை', 'களை', 'கழை' ஆகியவற்றின் வேறுபாடோ நாவின் தொழில். அது வாய்க்குள்ளேயே நிகழ்ந்து முடிகிறது.

இவ்விடைவெளியை நிரப்புவது இடமும் பொருளும். கடைத்தெருவில் 'பணம்' எனக் கொள்ளும் மனம், பந்தலில் அதே அசைவை 'மணம்' எனக் கொள்ளும். ஆகவே இக்கலையில் தேர்ந்தவர் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. தொடரை முழுமையாக நோக்கிப் பொருளை ஊகிக்கிறார். புருவம், கன்னம், கையசைவு ஆகிய அனைத்தும் அவருக்குச் சான்றுகள். இத்தகைய இடைவிடாத ஊகம் மிகுந்த களைப்பைத் தரும். ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பின் அவர் ஓய்வை நாடுவது வெறுப்பினால் அன்று.

அவையில் மீண்டும் எழுந்த குரல்

இங்கிலாந்தின் ஜாக் ஆஷ்லி 1966ஆம் ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். 1967 டிசம்பரில் நடந்த செவி அறுவைச் சிகிச்சைக்குப்பின் எஞ்சியிருந்த கேட்கும் திறனையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது 45. எல்லாத் திசைகளிலிருந்தும் குரல் எழும் அவையில் இனித் தமக்கு இடமில்லை என எண்ணிப் பதவி விலக முனைந்தார். குடும்பத்தாரும் தொகுதி மக்களும் சக உறுப்பினர்களும் அவரைத் தடுத்தனர். அவர் இதழசைவு படிக்கக் கற்று அவைக்குத் திரும்பினார்.

தம் குரலையே கேட்க இயலாதவர் அதன் அளவை எவ்வாறு அறிவார்? குரல் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதைச் சக உறுப்பினர் சைகையால் உணர்த்தினார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகவும், தாலிடோமைடு மருந்தினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகவும் ஆஷ்லி தொடர்ந்து வாதாடினார். 1992 வரை அவையில் நீடித்தார். 1993ஆம் ஆண்டு காக்லியர் கருவி பொருத்தப்பட்டு, ஓரளவு கேட்கும் திறனை மீண்டும் பெற்றார். அதுவரை கால் நூற்றாண்டுக் காலம் அவர் பிறர் பேச்சைக் கண்ணால் அறிந்தவர். அவருடைய உறுதியோடு, அவருக்காகத் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டோரின் அன்பும் அவ்வெற்றிக்குக் காரணமாயிற்று.

பேசுவோர் கடமை

இதழசைவு படித்தல் இருவர் சேர்ந்து செய்யும் செயல். பேசுபவரின் முகத்தில் ஒளி விழ வேண்டும். வானம் பார்த்த வளவு அதற்கு ஏற்ற இடம். வாயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகமோ நிழலில் மறைந்துவிடும். முதலில் கவனத்தை ஈர்த்து, பின்னர்ப் பேசத் தொடங்க வேண்டும். இயல்பான வேகத்தில், ஒருவர்பின் ஒருவராகப் பேச வேண்டும். உரக்கக் கத்தினால் இதழின் வடிவம் திரிந்துவிடும். புரியாதபோது அதே சொல்லைத் திரும்பக் கூறுவதைவிட வேறு சொல்லால் கூறுதல் நன்று. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் முகக்கவசம் இன்றியமையாததானபோது, இதழை நம்பி வாழ்ந்தோர் திகைத்து நின்றனர். வாய்ப்பகுதி ஒளிபுகுமாறு அமைந்த கவசங்கள் அவர்களுக்கு உதவின.

செக்காலை வீட்டின் பேத்தி, 'பிறகு' என்று சொல்லாமல் பெரியவரின் எதிரே வந்து அமர்ந்து, அந்த நகைச்சுவையை அப்போதே மீண்டும் கூறினால் போதும். அவர் சிரிப்பு இம்முறை உரிய நேரத்தில் எழும்.

தெரிந்து தெளிவோம்

செவித்திறன் குன்றாதவரும் கண்ணால் கேட்கின்றனர். இதழ் மூடிப் பிறக்கும் ஓர் ஒலியைச் செவிக்கும், நாவின் அடியில் பிறக்கும் ஓர் ஒலியின் முகஅசைவைக் கண்ணுக்கும் ஒருங்கே அளித்தபோது, பலர் இரண்டும் அல்லாத மூன்றாம் ஒலியைக் கேட்டனர். இதனை 1976இல் வெளிப்படுத்தியோர் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு ஆகிய உளவியலாளர்கள்.

கற்பவை கற்றபின்

1. கண்ணாடியின் முன் ஒலியெழுப்பாமல் 'மரம், பரம், வரம்' எனக் கூறி, இதழசைவில் ஒத்தவற்றையும் வேறுபட்டவற்றையும் குறித்து வருக.

2. பிறப்பியல் கூறும் எட்டு உறுப்புகளுள் கண்ணுக்குப் புலப்படாதவை இதழசைவு படித்தலை எவ்வாறு கடினமாக்குகின்றன என்பதைச் சான்றுடன் விளக்குக.

3. உங்கள் வீட்டிலோ தெருவிலோ செவித்திறன் குன்றிய முதியவர் ஒருவருடன் பத்து நிமிடம் உரையாடி, நீங்கள் மாற்றிக்கொண்ட பேச்சுமுறையைப் பற்றி வகுப்பறையில் பேசுக.