ஒரே நிரலும் பல கணிப்பொறிகளும்

நம் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஆற்று நீர் ஒன்றே. ஆயினும் கால்வாய்க்குக் கால்வாய் மதகின் அமைப்பு வேறு. கட்டற்ற மென்பொருளின் மூலநிரலும் அத்தகையதே. அதைக் கணிப்பொறியின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். ஒரு கணிப்பொறியில் தடையின்றிக் கம்பைல் ஆன நிரல், மற்றொன்றில் பிழை காட்டி நிற்பது ஏன்? அதைத் திருத்தும் முறை யாது? இவற்றை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்க முயல்கிறேன்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இன்று ஆர்ம் செயலி கொண்ட சிறு கணினிகளும் மாணவர் கைக்கு வந்துள்ளன. மூலநிரல் எவர்க்கும் உரியது என்றால் மட்டும் போதாது. அவரவர் கணிப்பொறியில் அது இயங்கவும் வேண்டும் அன்றோ?

‘திருநெல்வேலி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது 6 எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 12 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; ஆக 36 பைட். இக்குறியீடுகள் ஒவ்வொன்றிலும் முதல் பைட்டின் மதிப்பு 224. ‘த’ என்பது 224, 174, 164.

இந்த எண்களைச் சி++ மொழியில் ‘கேரக்டர்’ வகை அட்டவணை ஒன்றில் எழுதி, ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸ் மறுப்பின்றி ஏற்றது. இன்டெல் வகைச் செயலி கொண்ட கணினியோ, 224-ஐ இவ்வகைக்குள் அடக்கினால் மதிப்புச் சுருங்கும் என்று பிழை காட்டியது. காரணம் இதுதான்: கேரக்டர் வகைக்குக் குறை எண் உண்டா இல்லையா என்பதை மொழியின் விதி முடிவு செய்யவில்லை, கம்பைலரிடமே விட்டுவிட்டது. ஆர்ம் லினக்ஸில் அதன் எல்லை 0 முதல் 255 வரை. இன்டெல்லில் -128 முதல் 127 வரை. அங்கே 224 என்பது -32 ஆகிவிடுகிறது.

இவ்விடத்தில் குறுக்குவழி ஒன்று உண்டு. இப்பிழையைக் காட்டாதே என்று கம்பைலருக்கு ஒரு விருப்பக் குறி கொடுத்தால் நிரல் கம்பைல் ஆகிவிடும். ஆனால் நோய் போகவில்லை. நிரலின் வேறோரிடத்தில் ‘இந்த பைட் 224 தானா?’ என்று வினவினால், -32 வைத்திருக்கும் கணினி ‘இல்லை’ என்றே விடை தரும். தமிழ் எழுத்தைத் தமிழ் என்று அறியாமல் நிரல் தாண்டிப் போகும். பிழைச் செய்தியும் வராது. பயன்படுத்துவோர்க்குக் காரணமும் விளங்காது.

சரியான திருத்தம் எளியது. அட்டவணையையும், உரையிலிருந்து எடுத்து ஒப்பிடும் பைட்டையும் ‘அன்சைன்டு கேரக்டர்’ என்று வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். பின் எல்லாக் கணினியிலும் 224 என்பது 224 தான்.

இத்தகைய வேறுபாடுகள் இன்னும் சில உள. 64 பிட் விண்டோஸில் ‘லாங்’ வகை 32 பிட். 64 பிட் லினக்ஸில் அதுவே 64 பிட். கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேற்றுமையை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் சில எடிட்டர்கள் இடும் 3 பைட் அடையாளத்தை, 2009-இல் வந்த ஜிசிசி 4.4-க்கு முந்தையவை ஏற்காமல் ‘ஸ்ட்ரே 357’ என்று பிழை கூறின. 357 என்பது எண்ம முறையில் எழுதிய 239. அது அவ்வடையாளத்தின் முதல் பைட்.

ஆகவே மாணவ நண்பர்கள் மூன்றினை மனத்தில் கொள்ளலாம். நூறு பிழை வரினும் முதற்பிழையை முதலில் படிக்க; பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. நிரலை எழுதியவர் எந்தக் கணினியை மனத்தில் வைத்து எழுதினார் என்று ஆராய்க. திருத்தியபின் பழைய கணினியிலும் ஒருமுறை கம்பைல் செய்து பார்த்து, அத்திருத்தத்தை மூல ஆசிரியருக்கே அனுப்புக. கம்பைலர் காட்டும் பிழை நம் தகுதிக் குறைவுக்குச் சான்று அன்று. நம்மிடம் உள்ள கணினியை அம்மென்பொருள் இன்னும் அறியவில்லை என்பதே அதன் பொருள். அதை அறியச் செய்யும் பணி நம்முடையது.