கொல்லிமலைச் சாலையில் ஒரு நாள்

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்வோர், கீழ்த்திசையில் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்றைக் காணாமல் செல்லுதல் இயலாது. அதுவே கொல்லிமலை. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அதன் தலை கூர்மையாக இராது. மதில்போல் எழுந்து, மேலே மேடைபோல் பரந்து தோன்றும். கடல் மட்டத்திற்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்துள்ள அம்மேடைமீது ஊர்களும் வயல்களும் ஆறும் உண்டு. 1997-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளில் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை, அது சேலம் மாவட்டத்து மலையாகவே இருந்தது. அம்மலையை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவன் யான். எனினும் முப்பது வயது நிரம்பும் வரையில் அதன்மேல் ஏறிப் பார்த்தவன் அல்லேன். அருகில் இருப்பதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது மனிதர் இயல்பு போலும்.

அக்குறையைத் தீர்த்து வைத்தவன் என் பள்ளித் தோழன் ஒருவன். நாமக்கல் நகரம் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அடிச்சட்டமாக வந்து சேரும் லாரிகளுக்கு மரத்தாலும் தகட்டாலும் உடற்பகுதி கட்டித் தரும் பட்டறைகள் அங்கே மிகுதி. தோழனின் தந்தையார் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அவனோ ஒரு சிறு பட்டறை நடத்துகிறான். அவனிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடியுமுன் அவ்வண்டியில் இருவரும் புறப்பட்டோம். இருவருக்கும் தலைக்கவசம் இருந்தது. தோழன் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தான். சங்கிலியை இழுத்துப் பார்த்தான். பிரேக்கை இருமுறை மிதித்துப் பார்த்தான். எனக்கு அது வீண் தாமதமாகப் பட்டது.

நாமக்கல்லின் நடுவே ஒரே பாறையாய் நிற்கும் குன்றும் அதன் உச்சிக் கோட்டையும் இருளில் கரும்படலமாகத் தெரிந்தன. சேந்தமங்கலம் கடந்து, காளப்பநாயக்கன்பட்டியை அடைந்தபோது கீழ்வானம் வெளுத்தது. இருபுறமும் மரவள்ளிக் காடுகளும் கோழிப் பண்ணைகளும் மாறிமாறி வந்தன. மலையடிவாரமாகிய காரவள்ளியில் தேநீர் அருந்திவிட்டு, ஏறத் தொடங்கினோம்.

சற்றுத் தொலைவில், முதல் வளைவில் ஒரு பலகை நின்றது. ‘1/70’ என்று அதில் எழுதியிருந்தது. எழுபது வளைவுகளில் இது முதலாவது என்பது அதன் பொருள். பெண்டிர் கொண்டையில் செருகும் ஊசி, போன வழியே திரும்பி வருமாறு வளைந்திருக்கும் அன்றோ? அவ்வாறே சாலையும் தான் வந்த திசைக்கே திரும்பி மேலேறுவதால், அதனைக் கொண்டை ஊசி வளைவு என்கிறோம். ஏற்காட்டுச் சாலையில் இத்தகைய வளைவுகள் இருபது. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோக் கணவாய்ச் சாலை உலகப் புகழ் வாய்ந்தது. 1820 முதல் 1825 வரை அமைக்கப்பட்ட அச்சாலையின் ஒருபக்க ஏற்றத்தில் 48 வளைவுகள் உள்ளன. நம் கொல்லிமலையில் எழுபது!

இத்தனை வளைவுகள் எதற்கு என்று கேட்கலாம். அடிவாரத்திலிருந்து மேல்தளம் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் உள்ளது. இருபது மீட்டர் தொலைவுக்கு ஒரு மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொண்டால், பாரம் ஏற்றிய வண்டியும் மூச்சுத் திணறாமல் ஏறும். ஆனால் அக்கணக்கின்படி 20 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை வேண்டும். மலைச்சரிவிலோ அவ்வளவு நேர்வெளி கிடையாது. ஆகவே நீண்ட துணியை மடித்துப் பெட்டிக்குள் வைப்பதுபோல், நீண்ட சாலையை மடித்துச் சரிவின்மேல் வைத்தனர். மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு வளைவு.

தோழன் வண்டியை இரண்டாம் கியரிலேயே செலுத்தினான். வளைவு வருமுன் ஒலி எழுப்பினான். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைத் தணித்தான். வளைவின் இடையில் ஒருபோதும் பிரேக்கைத் தொட்டிலன். இருபதாம் வளைவு வரையில் கீழுள்ள மூங்கில்களும் புதர்களுமே தெரிந்தன. முப்பதைக் கடந்ததும் காற்றுக் குளிர்ந்தது. நாற்பதுக்கு மேல் ஒரு திருப்பத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினோம். கீழே நாங்கள் ஏறிவந்த சாலை, வீசி எறிந்த நாடாவைப் போல் மடிந்து மடிந்து கிடந்தது. அதற்கப்பால் சமவெளி. ஏரிகள் உடைந்த கண்ணாடித் துண்டுகள்போல் மின்னின. எங்கள் ஊரை அங்கே தேடினேன், கண்டுபிடிக்க இயலவில்லை. நான் வாழும் இடம் இவ்வளவு சிறியதா என்று ஒரு கணம் தோன்றியது.

சோளக்காட்டில் மேடேறி முடிந்தது. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி இம்மலையின் தலைவன். அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவிச் சென்று, புற்றிலிருந்த உடும்பின் உடலில் தைத்து நின்றதெனப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். அத்தகைய வில்லாளனையும் முள்ளூர் மன்னன் காரி போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரர்க்கு அளித்தான் என்று சங்க நூல்கள் கூறும். ஆண்டுதோறும் ஆடித் திங்களில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவையும் இம்மலைக்கு உரியதே.

அங்கிருந்து அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சென்றோம். கோயிலின் அருகில் ஐயாறு ஓடுகிறது. சிறிது தொலைவில் அவ்வாறே ஆகாய கங்கை என்னும் அருவியாய் வீழ்கிறது. அதனைக் காண ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கினோம், நனைந்தோம், ஏறும்போது என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே நடுங்கின.

நண்பகல் உணவு ஒரு சிற்றூரில் கிடைத்தது. இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. கேரளத்தாரோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. தம் நிலப்பகுதிகளை வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு, வளப்பூர் நாடு என நாடுகளாக வகுத்துள்ளனர். ஒரு முதிய பெண்மணி எங்களுக்குச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் படைத்தார். சோறு நன்றாக இருப்பதாக யான் சொன்னேன்.

“நன்றாகத்தான் இருக்கும், தம்பி. இதை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரு வேளைச் சோற்றுக்கு அரைநாள் கை வலிக்கும்” என்றார் அவர்.

அவர் சொன்ன ஒரு சொல்லில் ஒரு வரலாறே அடங்கியிருந்தது. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை இம்மலையின் பழைய பயிர்கள். சாலையும் லாரியும் வந்தபின், கீழேயுள்ள சவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கை ஏற்றி அனுப்பிப் பணம் பெறும் வழி பிறந்தது. கிழங்கைக் குத்தவும் வேண்டா, புடைக்கவும் வேண்டா. ஆகவே சாமை விளைந்த சரிவுகள் பல மரவள்ளிக்கு மாறின. பின்னர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உமி நீக்கும் சிறு பொறிகளை ஊர்களுக்குக் கொண்டுவந்தும், மலைப்பெண்களின் குழுக்கள் தானியத்தைச் சந்தைப்படுத்த உதவியும் அப்பயிர்களைக் காக்க முயன்றது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என அறிவித்தபோது நகரங்களில் அவற்றைப் புகழாதார் இல்லை. ஆயினும் புகழ்ந்தவருள் எத்தனை பேர் உலக்கையைத் தொட்டவர்? அப்பெண்மணியின் உள்ளங்கையைக் கண்டபின், மரவள்ளி பயிரிட்டவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை.

மாலை நான்கு மணியளவில் திரும்பத் தொடங்கினோம். “இறக்கந்தானே, யான் ஓட்டுகிறேன்” என்றேன். தோழன் சற்றுத் தயங்கினான். பின்பு, “எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கு. என் தந்தையார் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான்” என்று கூறிப் பின்னால் அமர்ந்தான்.

பத்து வளைவுகள் வரை அவன் சொற்படியே நடந்தேன். வண்டி உறுமிக்கொண்டு ஊர்ந்தது. இருட்டுமுன் அடிவாரத்தை அடைய வேண்டும் என்ற அவசரம் எனக்கு. மலையே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது பெட்ரோலை ஏன் வீணாக்க வேண்டும் என்ற சிக்கனமும் சேர்ந்துகொண்டது. மெல்லக் கியரை விலக்கினேன். வண்டி ஓசையின்றி வழுக்கியது. காற்று முகத்தில் அடித்தது. இன்பமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வளைவு வந்தபோதெல்லாம் பிரேக்கை அழுத்தினேன். 48, 47, 46 என்று பலகைகள் விரைந்து கழிந்தன. ஏதோ கருகும் நாற்றம் வந்தது. யாரோ சருகு எரிக்கின்றனர் என்று எண்ணினேன்.

“எஞ்சின் ஓசை எங்கே?” என்று தோழன் கேட்டான்.

விடை சொல்லுமுன் அடுத்த வளைவு தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதி பஞ்சுபோல் கீழே போயிற்று. வண்டியின் விரைவோ குறையவில்லை. கைப்பிடியை இறுக்கினேன், பயன் சிறிதே. வளைவுக்கு அப்பாலிருந்து பேருந்து ஒன்றின் ஒலி எழுந்தது.

தோழன் கத்தவில்லை. என் தோளைப் பற்றி, “மூன்றில் போடு. கிளட்சை மெதுவாக விடு. இப்போது இரண்டு. இடப்பக்கம் மண்ணோரம் போ” என்றான். எஞ்சின் அலறியது, வண்டி குலுங்கித் தணிந்தது. அவ்விடத்தில் மலைச்சுவர் எங்கள் இடப்பக்கம் இருந்தது எங்கள் நல்வாய்ப்பு. வலப்பக்கமாயின் வெறும் வெளி. ஓரத்து வாய்க்காலில் சக்கரம் இறங்கி, மண்ணில் உரசி நின்றது. பேருந்து எங்களைக் கடந்து ஏறிச் சென்றது. மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அவ்விதியை யான் அன்று காத்தது அறிவால் அன்று.

சக்கரத்தின் நடுவிலுள்ள பிரேக்குக் கூட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. குப்பியிலிருந்த நீரை அதன்மேல் ஊற்றப் போனேன். தோழன் கையைப் பிடித்துக்கொண்டான். காய்ந்த இரும்பில் குளிர்நீர் பட்டால் விரிசல் விடும் என்றான். தானே ஆறட்டும் என்று சாலையோரச் சுவரின் அருகே அமர்ந்தோம். அப்போது அவன் எனக்கு விளக்கியதை இங்கே சொல்வது பொருந்தும்.

வண்டியும் ஆட்களுமாக ஏறத்தாழ 320 கிலோகிராம் எடை, ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது. அவ்வளவு ஆற்றலும் எங்கேனும் வெப்பமாக மாறித்தான் தீர வேண்டும். அது பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதிய வெப்பம். கியரில் இறங்கினால் எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். எழும் வெப்பத்தின் பெரும்பகுதி எஞ்சின் வழியே காற்றில் கலந்துவிடும். கியரை விலக்கிவிட்டாலோ, உள்ளங்கையளவுள்ள இரண்டு மூன்று பட்டைகளே அத்தனையும் தாங்க வேண்டும். அளவுக்கு மேல் சூடேறிய பட்டைக்குப் பற்றும் வலிமை போய்விடும். வழவழப்பாகி இரும்பின்மேல் வழுக்கும். ஏறும்போது எஞ்சின் ஓய்ந்தால் வண்டி நிற்கும், அவ்வளவே. இறங்கும்போது நிற்பதற்குத்தான் வலிமை வேண்டும். இவ்வளவையும் அவன் ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினான். என்னை ஒரு சொல்லும் கடிந்திலன். கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அரைமணி நேரத்திற்குப் பின் மிதி மீண்டும் கல்லென நின்றது. “நீயே ஓட்டு” என்று திறவுகோலை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“நாற்பத்து நான்கு வளைவு மிச்சம் இருக்கிறது. இன்றைக்கு நீ இறங்காவிட்டால் பிறகு இறங்க மாட்டாய்” என்றான்.

இரண்டாம் கியரில், விளக்கை எரியவிட்டு, ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினேன். சமவெளியின் விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கீழே ஏற்றப்பட்டன. பாதி வழியில் இருள் சூழ்ந்தது. மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னே முனகியபடி இறங்கிக்கொண்டிருந்தது. அதனை முந்த எனக்கு விருப்பமே எழவில்லை. அதன் பின்விளக்கைத் தொடர்ந்தே காரவள்ளி வந்து சேர்ந்தோம். அங்கே காற்று வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் தேநீர் தந்த கடைக்காரர், “நேரமாகிவிட்டதே” என்றார். “ஆம்” என்று மட்டும் சொன்னோம்.

மறுநாள் காலை பட்டறைக்குச் சென்றேன். தோழன் சக்கரத்தைக் கழற்றிப் பட்டைகளை வெளியே எடுத்து வைத்திருந்தான். கரடுமுரடாக இருக்க வேண்டிய அவற்றின் மேற்புறம் கருகிக் கண்ணாடிபோல் பளபளத்தது. விரலால் தடவிப் பார்த்தேன், எங்கும் பிடிப்பில்லை. புதிய பட்டைகளின் விலையை யான் கொடுத்தேன். அவற்றைப் பொருத்தும்போது, திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் வேலையை எனக்குத் தந்தான்.