நாமே செய்யும் லாஜிக் அனலைசர்

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கவுண்ட்டரில் ஒன்று கூட வேண்டும். நான் அமைத்த கவுண்ட்டரோ 0விலிருந்து 4க்குத் தாவியது. மறுமுறை இரண்டு கூடியது. 7493 ஐ.சி. பழுது என்று நினைத்துப் புதியது வாங்கினேன். அதுவும் தாவியது. இன்னொன்றும் வாங்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பரீட்சைக் கட்டணத்துக்கென்று அப்பா தந்த பணத்தில் கைவைத்துத்தான் அவ்விரண்டையும் வாங்கினேன். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மல்டிமீட்டர் இங்கு உதவாது. விட்டால் 5 வோல்ட், அழுத்தினால் 0 என்று அது ஒழுங்காகவே காட்டும். விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் அது எண்ணை மாற்றுகிறது. இடையில் நடந்தவை அதற்குத் தெரியா. எந்தக் கம்பி எப்போது 0, எப்போது 1 என்ற வரிசையே நமக்கு வேண்டும். அவ்வரிசையைப் பதிவு செய்யும் கருவிதான் லாஜிக் அனலைசர்.

நண்பரிடம் இரவல் வாங்கிய ஆர்டுயினோ யூனோ பலகையைக் கொண்டு இதைச் செய்தேன். 8 முதல் 11 வரையுள்ள நான்கு முனைகளிலும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் மின்தடையத்தைத் தொடராக இணைத்துக் கம்பிகளை வெளியே எடுத்தேன். தவறான இடத்தில் பட்டுவிட்டாலும் முனைக்கு அது ஓரளவு காப்பு. 5 வோல்ட்டுக்கு மேற்பட்ட சுற்றில் இதை வைக்கலாகாது. இரு சுற்றுகளின் கிரவுண்டையும் சேர்க்க மறக்கக் கூடாது. நான் மறந்தேன், ஒரு மாலை முழுதும் பொருளற்ற எண்களாகவே வந்தன.

நிரல் எளியது. அந்நான்கு முனைகளும் ‘பின்-பி’ என்னும் ஒரே பதிவகத்தைச் சேர்ந்தவை. அதை ஒருமுறை படித்தால் நான்கின் நிலையும் ஒரே கணத்தில் கிடைக்கும். முனை முனையாகப் படித்தாலோ, நான்காவதை எட்டுவதற்குள் முதலாவது மாறிவிடலாம். பொத்தான் முனை 1லிருந்து 0 ஆகும்வரை காத்திருந்து, பிறகு சுமார் 10 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை படித்துப் படித்து நினைவகத்தில் வைக்க வேண்டும். யூனோவில் விவரங்களை வைக்கும் நினைவகம் 2048 பைட்டுகளே. அதில் 1024ஐ எடுத்துக்கொண்டேன். ஆகவே ஏறக்குறைய 10 மில்லி விநாடி நேரத்து நிகழ்ச்சிகள் அகப்படும். பதிவு முடிந்த பிறகே கணிப்பொறிக்கு அனுப்ப வேண்டும். நடுவில் அனுப்பினால் வேகம் போய்விடும்.

இரு படிப்புகளுக்கு இடையே தோன்றி மறையும் துடிப்பு இதில் சிக்காது. கண்ணை மூடி மூடித் திறந்து கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவது போலத்தான் இது.

முதல் பதிவைத் தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரே அழுத்தலில் பொத்தான் முனை நான்கு முறை 0க்கு விழுந்திருந்தது, எல்லாம் முதல் 2 மில்லி விநாடிக்குள்! பொத்தானின் உள்ளே இருக்கும் உலோகத் தகடு நிலையாக ஒட்டுமுன் துள்ளுகிறது. 7493 அவ்வாறு விழும் விளிம்பு ஒவ்வொன்றையும் எண்ணுவது. இரண்டாவது கம்பியில் பார்த்தால், அதன் முதல் வெளியீடும் நான்கு முறை மாறியிருந்தது. ஐ.சி. மூன்றும் நல்லவையே.

இருவழிப் பொத்தான் ஒன்றையும் 7400இன் இரண்டு நான்ட் கேட்டுகளையும் வைத்து ஒரு லாட்ச் அமைத்து, மீண்டும் பதிவு செய்தேன். தகடு துள்ளத்தான் செய்தது; லாட்சின் வெளியீடு ஒரே ஒருமுறை விழுந்தது. கவுண்ட்டர் இப்போது ஒன்றொன்றாகக் கூடுகிறது.

மிஞ்சிய இரண்டு 7493களும் என்னிடம் உள்ளன. வேண்டும் நண்பர்கள் பரீட்சைக்கு முன் வந்து பாதி விலைக்குப் பெற்றுக்கொள்ளலாம்.