வழக்குரை காதைக்குப் பிறகு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "தீர்ப்பும் நம்ம பக்கம் வந்தாச்சு, சமரசத் தொகையும் வங்கிக்கு வந்தாச்சு. அப்புறம் ஏன் சார் விடியக்காலையில முழிப்பு வந்து மனசுக்குள்ளயே அந்த மேனேஜரோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்?" என்று கேட்டிருந்தாய். படித்ததிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைவிட, உன் பெரியப்பா சொன்னதாக எழுதியிருந்தாயே, "ஜெயிச்சிட்டல்ல, இன்னும் என்ன மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு?" என்று, அது எனக்கு உண்மையாகவே கோபத்தை வரவழைத்தது. வழக்கில் ஜெயித்தவருக்கு மனசும் ஆறிவிட வேண்டும் என்பது ஊரெல்லாம் பரவிக் கிடக்கிற மூடநம்பிக்கை. அதை உடைக்கத்தான் இந்தக் கடிதம்.

தொழிலாளர் சட்டப் பட்டயத்துக்கு என்னிடம் படித்தவள் நீ. தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ, 11ஏ, 17பி பிரிவுகள் எதையும் உனக்கு விளக்கப்போவதில்லை. நினைவுபடுத்துவது ஒன்றுதான். உன் பணிநீக்க வழக்கில் நீதிமன்றம் என்னென்ன கேட்டது? உள்விசாரணை முறையாக நடந்ததா, குற்றச்சாட்டு நிரூபணமானதா, தண்டனை பொருத்தமானதா. இந்த மூன்றாவதைத் தாராளமாகக் கேட்கிற அதிகாரமே 1971-இல் 11ஏ வந்த பிறகுதான் கிடைத்தது. நீ கேட்டது வேறு. "இத்தனை வருஷம் உழைத்தவளை எப்படி மனசு வந்து இப்படிச் செய்தார்கள்?" என்றுதான் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். அதை விசாரிக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரம் கிடையாது. நீ அதிகம் கேட்காத கேள்விக்கு நல்ல பதில் வந்திருக்கிறது. கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

"அவங்க ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தா போதும்" என்றும் எழுதியிருக்கிறாய். போதாது, அம்மா. இதற்குக் கண்ணகியைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

சிலப்பதிகாரத்தை, கண்ணகி பாண்டியன் அவையில் வழக்காடும் வழக்குரை காதையோடு மூடிவைத்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். மேடைப் பேச்சும் அங்கேதான் முடிகிறது. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, நீதி வென்றது, கைதட்டல். கொஞ்சம் நின்று யோசித்துப் பார். அன்று அவளுக்குக் கிடைத்ததுபோல் ஒரு தீர்ப்பு உலகத்தில் எந்த வழக்காடிக்கும் கிடைத்ததில்லை. வாய்தா இல்லை, மேல்முறையீடு இல்லை. எதிர்த்தரப்பும் நீதிபதியுமாக ஒரே ஆளாக இருந்த அரசன், தான்தான் கள்வன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். அந்த இடத்திலேயே உயிரையும் விடுகிறான். நீ கேட்கிற மன்னிப்புக்கு மேல் எத்தனையோ மடங்கு இது. ஆனாலும் அவள் மனம் ஆறிற்றா? அடுத்து வருவது வஞ்சின மாலை. அதற்கடுத்தது அழற்படு காதை. முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லி நெருப்பை ஏவுகிற அளவுக்கு நிதானம் இருக்கிறது. ஆனால் ஏவாமல் இருக்க முடியவில்லை. இளங்கோ இதைக் கண்ணகியின் குறையாக எழுதவில்லை. வழக்கு முடிகிற நேரமும் சினம் முடிகிற நேரமும் வேறு வேறு என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்.

பின்பு யார் அவளைத் தணித்தது? மதுரை நகரின் காவல் தெய்வமான மதுராபதி. எப்படி வந்தாள் என்பதைக் கவனி. சினந்து நிற்பவளின் முகத்துக்கு நேரே வராமல், பின்னால் வந்து நிற்கிறாள். நான் சொல்வதைக் கேட்பாயா என்று முதலில் கேட்கிறாள். "மறந்துவிடு" என்று சொல்லவில்லை. "மன்னித்துவிடு" என்று சொல்லவில்லை. கதை சொல்கிறாள், நீளமாக. அந்தக் கட்டுரை காதையில் வார்த்திகன் என்றொருவன் வருகிறான். செய்யாத குற்றத்துக்காகக் காவலர் அவனைச் சிறையில் அடைத்துவிடுகிறார்கள். தவறு தெரிந்ததும் பாண்டியன் அவனை விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் கொடுத்து, நிலத்தில் விழுந்து வணங்குகிறான். நீ இன்று கனவு காணும் தீர்ப்பு ஏறக்குறைய இதுதான். இழப்பீடும் உண்டு, மன்னிப்பும் உண்டு. கண்ணகியின் கணவன் கோவலனின் முற்பிறப்புக் கதையும், பதினான்கு நாளில் அவனைக் காண்பாய் என்ற சொல்லும் அதன் பிறகுதான் வருகின்றன.

இந்தக் காதையை ஊழ்வினைக்கு வக்காலத்து வாங்குவது என்று தள்ளுகிற விமரிசகர்களோடு எனக்குப் பல வருஷச் சண்டை. முற்பிறப்புக் காரணத்தை நானும் ஏற்கவில்லை. உனக்கு நடந்ததற்கு நீ காரணம் என்று எவன் சொன்னாலும் வாசலைக் காட்டிவிடு. ஆனால் கண்ணகியின் கதையை முதலிலிருந்து கடைசிவரை, அவசரப்படாமல், அவள் பக்கத்தில் நின்று ஒருத்தி சொன்னாள். ஒரு நகரத்தையே எரித்தவள் அதைக் கேட்டாள். கேட்டபின் கீழ்வாசல் வழியாகக் கணவனோடு வந்தவள் மேல்வாசல் வழியாகத் தனியே வெளியேறினாள். அந்த வெளியேற்றத்தைத்தான் வழக்கின் உண்மையான முடிவாக நான் பார்க்கிறேன். பழைய உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் உரை நமக்கு வழக்குரை காதைக்கு முந்திய ஊர்சூழ் வரிவரைதான் கிடைத்திருக்கிறது. வழக்குக்குப் பிந்திய இந்தக் காதைகளுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்ற ஏக்கம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

சரி, உன்னிடம் வருகிறேன். உன் கடிதத்தில் ஒன்றைப் பார்த்தேன். உன் தோழி உன்னைப் பார்க்க வந்ததை எழுதும்போதுகூட, எந்தத் தேதி, காலை எத்தனை மணி எத்தனை நிமிடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் வைத்திருக்கிறாய். இது கடிதம் இல்லை அம்மா, பிரமாண வாக்குமூலம். நான்கு வருஷமாக வழக்கு உனக்குக் கொடுத்த பயிற்சி இது. எதையும் மறக்காதே, எல்லாவற்றையும் சேர்த்துவை, எவரையும் சாட்சியாகவோ எதிரியாகவோ பார், அடுத்த வாய்தாவுக்குத் தயாராயிரு. வழக்கு நடந்தவரை அந்தப் பயிற்சி உன்னைக் காப்பாற்றியது. இப்போது வாய்தா இல்லை. உடம்புக்கு அது தெரியவில்லை. விடியற்காலையில் உன்னை எழுப்பிவிடுவது அந்தப் பயிற்சிதான்.

மைக்கேல் லிண்டன் என்ற பெர்லின் மனநல மருத்துவர், இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு வேலையையும் மதிப்பையும் இழந்தவர்களைப் பார்த்து, அநீதியால் வரும் தீராத கசப்பை ஒரு தனி நோய்நிலையாக 2003-இல் விவரித்தார். அதில் என்னைத் திடுக்கிட வைத்த குறிப்பு: இவர்கள் முகம் பழிவாங்கும் நினைப்பு வரும்போது மலரும். உன் மனசுக்குள் நடக்கிற சண்டையில் நீ எப்போதும் ஜெயிக்கிறாய், இல்லையா? அந்த இனிப்புதான் உன்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுக்கிறது.

அடுத்து, நிர்வாகம் தாக்கல் செய்த அந்த எதிருரை. "திறமையற்றவர், ஒழுங்கீனமானவர், நிர்வாகம் இவர்மீது நம்பிக்கை இழந்துவிட்டது" என்ற வரிகளை மனப்பாடமாக எழுதியிருக்கிறாய். வகுப்பில் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டாயா? குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகக் கொள்வார்கள் என்ற பயத்தில் வக்கீல்கள் எல்லாவற்றையும் மறுத்து எழுதுவார்கள். ஓசூர் தொழிற்சாலை வழக்கிலும் திருப்பூர் பனியன் கம்பெனி வழக்கிலும் இதே வாக்கியங்களை, இதே வரிசையில் நான் படித்திருக்கிறேன். பேரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும். உன்னைப் பார்த்தே இராத ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்ததை எடுத்து ஒட்டிய வரிகளை, உன்னைப் பற்றிய மதிப்பீடாக எடுத்துக்கொள்ளாதே. இதில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

நிர்வாகத் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறிய உன் பழைய தோழரைப் பற்றி எனக்கு அத்தனை கண்டிப்பு வராது. நிர்வாகம் செய்ததைவிட அவர் சொன்னதுதான் உன்னை அதிகம் நோகடித்திருக்கிறது என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. அவருக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்கும். அது காரணம், நியாயம் ஆகாது. மன்னிக்கச் சொல்லி உன்னை நெருக்குகிறவர்களுக்கு நீ எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம். மன்னிப்பு உன் சொத்து, யாருக்கும் எழுதிக்கொடுக்கக் கட்டாயம் இல்லை.

செய்ய வேண்டியது என்று ஒன்று சொல்கிறேன். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை, தங்கள் வாழ்வின் கடும் வேதனையைப் பற்றி நான்கு இரவுகள், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் எழுத வைத்தார்கள். எழுதிய கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் நடந்ததையும் அதற்கான உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மாணவர் சுகாதார மையத்துக்குப் போவது குறைந்தது. நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பயன் இல்லை. நான்கு வருஷமாக நீ எழுதியதெல்லாம் நடந்தது மட்டும்தான். மனு, வாக்குமூலம், நாள்வாரிக் குறிப்பு. விசாரணை அறையில் உன் கை நடுங்கியதை எங்காவது எழுதினாயா? எழுது. தேதி போடாதே. அழுகை வந்தால் வரட்டும். சமரச ஒப்பந்தத்தில் வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது என்றாய். உன் நோட்டில் உனக்காக எழுதி உன்னிடமே வைத்துக்கொள்வது பேச்சாகாது. மற்றவர்களிடம் எதுவரை பேசலாம் என்பதை உன் வக்கீலிடம் கேட்டுக்கொள்.

எழுதியும் தூக்கம் திரும்பவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போ. வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் காத்திருக்காதே. டெலிமானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எனக்கும் போன் போடு, நள்ளிரவானாலும் சரி.

வழக்குக் கட்டை எரிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். எரிக்காதே. பி.எஃப்., பணிக்கொடைக் கணக்குகளுக்கு அது வேண்டியிருக்கும். வந்த தொகையில் நிலுவைச் சம்பளம் எவ்வளவு என்று ஆடிட்டரிடம் காட்டு. பல வருஷச் சம்பளம் ஒரே வருஷத்தில் வரும்போது வரியில் நிவாரணம் உண்டு, அதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. அதுவரை கட்டை உன் அண்ணன் வீட்டுப் பரணில் போட்டுவை, உன் அறையில் வேண்டாம். வாய்தா தேதி எழுதிய காலண்டரை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடு. புது வேலைக்கான நேர்காணலில் பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டால், "பணி தொடர்பாக ஒரு தகராறு இருந்தது, சட்டப்படி முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, உன் கைவேலையைப் பற்றிப் பேச ஆரம்பி. அதற்கு மேல் விளக்கம் கொடுக்கும் கடமை உனக்கு இல்லை.

வேங்கடசாமி நாட்டார் உரையோடு சிலப்பதிகாரம் என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றை அடுத்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். வழக்குரை காதையை இப்போதைக்கு விட்டுவிடு, கட்டுரை காதையிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
உன் ஆசிரியர்