இராக்காவலும் கணனிக் காவலும் - தொழில் வழிகாட்டிப் பாடம்

 

தொழிற்சாலைக்கு இராக்காவல் எதற்கு என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கள்ளன் எல்லா இரவும் வருவதில்லை. ஆனாலும் எல்லா இரவும் காவல் இருக்கத்தான் வேண்டும். இன்று வங்கிப் பணம், ஆஸ்பத்திரிப் பதிவு, ஈ.பி.எஃப். கணக்கு எல்லாம் கணனிக்குள் போய்விட்டன. அவற்றுக்கும் இரவு பகலாகக் காவல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொழிலுக்குச் சைபர் பாதுகாப்புச் செயற்பாடு என்று பெயர். நம் பிள்ளைகள் இதன் முதற்படியில் எப்படிக் கால் வைக்கலாம் என்பதே இந்தப் பாடம்.

உதாரணத்துக்குக் கல்முனைக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எல்லாம் தமிழ் பேசும் ஊர்கள்தான். கொழும்புக்கு வெகுதூரம். யுத்தமும், 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியும் அந்த மக்களை வாட்டின. யுத்தத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமற்போன மாணவர்களுக்காக 1995இல் அங்கே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1996இல் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. ஒலுவிலில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மலையகப் பிள்ளைகளும் போய்ப் படிக்கிறார்கள். தூரத்து ஊர் என்பதற்காகப் படிப்பும் தூரத்தில் இருக்க வேண்டியதில்லை.

1. வேலை என்ன?

பெரிய நிறுவனங்களில் கண்காணிப்பு அறை ஒன்று இருக்கும். எஸ்.ஓ.சி. என்று சொல்வார்கள். 24 மணி நேரமும் முறை வைத்து ஆட்கள் இருப்பார்கள். புதிதாகச் சேர்கிறவர் முதல் நிலை ஆய்வாளர்.

தோட்டத்தில் செக்ரோல் இருக்கிறது அல்லவா? யார் பேர் போட்டார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று அதில் ஏறும். கணனியும் அப்படி ஒரு செக்ரோல் எழுதுகிறது. யார், எந்த நேரம், எங்கிருந்து உள்ளே வந்தார், எதைத் திறந்தார் என்று எல்லாம் அதில் பதியும். இதற்கு ‘லொக்’ என்று பெயர். ஒரு நாளில் இலட்சக்கணக்கான வரிகள் சேரும். சந்தேகமானவற்றை ஒரு மென்பொருள் பிரித்து மணி அடிக்கும். அந்த மணி உண்மையா வெறும் சத்தமா என்று பார்த்து, உண்மையென்றால் மேலே அறிவிப்பதே முதல் நிலை ஆய்வாளரின் வேலை.

மருதமுனையில் கைத்தறி நெய்கிறவரின் கண், நூற்றுக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைச் சட்டெனப் பிடித்துவிடும். கொழுந்து எடுக்கும் கை முற்றின இலையைத் தானாகவே தள்ளிவிடும். இந்தத் தொழிலுக்கு வேண்டிய முதல் திறமையும் அதுதான். வழமை எது என்று தெரிந்தவருக்குத்தான் வழமையில்லாதது கண்ணில் படும்.

2. ஒரு சொல்லில் நின்ற 2 கோடி டொலர்

2016 பெப்ரவரியில் நடந்த ஒரு களவு நம் நாட்டையும் தொட்டது. பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிக்குள் கள்ளர்கள் புகுந்தார்கள். அந்த வங்கியின் பணம் நியூயோர்க்கில் உள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளையில் இருந்தது. பங்களாதேஷ் வங்கியே அனுப்புவது போல 35 கட்டளைகளை அங்கே அனுப்பினார்கள். கேட்ட தொகை ஏறக்குறைய 951 மில்லியன் டொலர்.

இதில் இரண்டு சம்பவங்களைக் கவனியுங்கள்.

முதலாவது: பணப் பரிமாற்றங்களை அச்சிடும் பிரின்டர் டாக்காவில் வேலை செய்யவில்லை. கள்ளர்கள்தான் அதை முடக்கியிருந்தார்கள். அங்கிருந்தவர்களோ, மற்ற நாளில் வரும் கோளாறுதானே என்று எண்ணினார்கள். அன்று வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை நாள். நேரம் போய்விட்டது.

இரண்டாவது: 20 மில்லியன் டொலர், அதாவது 2 கோடி டொலர், இலங்கையில் ஓர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்று இருக்க வேண்டிய சொல் ‘ஃபண்டேஷன்’ என்று பிழையாக இருந்தது. இடையில் இருந்த டொய்ச் வங்கியில் இது கண்ணில் பட்டது. உடனே விளக்கம் கேட்டார்கள். அந்தப் பணம் தப்பியது. பிலிப்பைன்சுக்குப் போன 81 மில்லியனில் பெரும்பகுதியோ கைமாறி மறைந்துவிட்டது.

ஒரு பக்கம் ‘வழக்கமான கோளாறு’ என்று விட்டார்கள். மறுபக்கம் ‘இது என்ன?’ என்று கேட்டார்கள். நம் தொழிலின் சாரம் அந்தக் கேள்விதான். ஒரு எழுத்துப் பிழையைக் கவனிக்கப் பட்டம் வேண்டாம், கவனம் வேண்டும்.

3. ஒரு பயிற்சி

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணனி என்று வைத்துக்கொள்வோம். காசாளர் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வேலை செய்பவர். ஓர் இரவு லொக்கில் இருப்பது இது:

இரவு 2.11 முதல் 2.14 வரை: காசாளர் கணக்கு, உள்நுழைவு தோல்வி, 46 தடவை (எண் 4625)
இரவு 2.15: காசாளர் கணக்கு, உள்நுழைவு வெற்றி (எண் 4624)
இரவு 2.19: புதிய பயனர் கணக்கு உருவாக்கப்பட்டது (எண் 4720)

இந்த எண்கள் விண்டோஸ் கணனி உண்மையாகவே பயன்படுத்தும் எண்கள். கீழே வாசிக்குமுன் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நடு இரவில் மூன்று நிமிடத்தில் 46 தடவை ஒருவர் கையால் தட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏதோ ஒரு மென்பொருள் கடவுச்சொல்லை ஊகித்திருக்கிறது. ஊகம் பலித்து உள்ளே வந்தாயிற்று. நாளைக்குக் காசாளர் கடவுச்சொல்லை மாற்றினாலும் திரும்பி வர, பின்கதவாக ஒரு புதிய கணக்கையும் திறந்து வைத்தாயிற்று.

ஆய்வாளர் பதறக் கூடாது. தன் எண்ணத்துக்கு எதையும் அழிக்கவும் கூடாது. அழித்தால் தடயமும் போய்விடும். எழுதி வைத்த நடைமுறைப்படி மேலதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அறிக்கையில் ஐந்து விடயம் இருந்தால் போதும்: எப்போது, எந்தக் கணனி, எந்தக் கணக்கு, என்ன கண்டேன், என்ன செய்தேன். இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் ஐந்து வரியாக எழுதப் பழகியவர் நேர்முகப் பரீட்சையில் பாதி தூரம் வந்துவிட்டார்.

4. ஒரு வருடப் படிப்பு

முதல் மூன்று மாதம்: கணனிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்று படியுங்கள். ஐ.பி. முகவரி என்பது வீட்டு இலக்கம் மாதிரி. ‘போர்ட்’ என்பது அந்த வீட்டின் கதவு. இணையப் பக்கம் வரும் கதவுகள் 80, 443. பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் கதவு 53. விண்டோஸ் கணனியைத் தூரத்திலிருந்து இயக்கும் கதவு 3389. சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமியின் ஆரம்பப் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம்.

அடுத்த மூன்று மாதம்: லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் லொக் எங்கே இருக்கிறது, எப்படி வாசிப்பது என்று பழகுங்கள். லினக்ஸ் இலவசம். பழைய கணனியிலும் ஓடும்.

ஏழாம் மாதம் முதல்: இலவசக் கருவிகளில் கை வையுங்கள். வயர்ஷார்க் கம்பிக்குள் போகும் தகவலைக் காட்டும். வாசு என்ற கருவி லொக்குகளைச் சேர்த்து மணி அடிக்கும். செய்ததை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேலைக்குப் போகும்போது அந்தக் கொப்பியே உங்கள் சாட்சி.

கடைசி மூன்று மாதம்: கொம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் போன்ற பரீட்சையின் பாடத்திட்டத்தைப் படியுங்கள். பரீட்சைக் கட்டணம் கூடுதல். கடன் வாங்கி எழுத அவசரப்பட வேண்டாம். வேலை கிடைத்த பின்னும் எழுதலாம்.

5. எங்கே படிப்பது?

உயர் தரத்தில் நல்ல பெறுபேறு உள்ளவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பீடம் ஒலுவிலிலும், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் உள்ளன. இரண்டிலும் கணனி சார்ந்த படிப்புகள் இருக்கின்றன.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் தகவல் தொழில்நுட்பத்தில் உயர் தேசிய டிப்ளோமா நடத்துகிறது. இந்த அரச நிறுவகத்துக்குக் கரையோரத்தில் சம்மாந்துறையிலும், நம் பக்கம் கண்டி, பதுளையிலும் கிளைகள் உண்டு. எந்தக் கிளையில் எந்தப் பாடம் என்று வர்த்தமானி அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண தரத்தோடு நின்றவர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் கணனித் தொழில்நுட்பவியலாளர் என்.வி.கியூ. 4ஆம் மட்டத்திலிருந்து தொடங்கி மேலே போகலாம்.

6. பெற்றோர் கேட்கும் கேள்விகள்

*இங்கிலீசு சரியா வராதே, முடியுமா?*
இங்கிலீசு வேணும். ஆனா மேடையில் பேசுற இங்கிலீசு இல்ல. வாசிச்சு விளங்கவும் ஐந்து வரி எழுதவும் தெரிஞ்சாப் போதும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் படிச்சா ஒரு வருசத்துல ஆயிரத்து எண்ணூறு சொல்லுக்கு மேல வரும்.

*பொம்பளப் பிள்ளைகளுக்குச் சரிவருமா?*
வேலை கண்ணுக்கும் மூளைக்கும்தான். இராமுறை உண்டு, அதை மறைக்கத் தேவையில்ல. தங்குமிடம், போக்குவரத்துப் பற்றிச் சேருமுன் கேட்டுத் தெரிஞ்சுக்கிறது நல்லது.

*ஊரிலேயே வேலை கிடைக்குமா?*
முதல் வேலை பெரும்பாலும் கொழும்பில்தான். வங்கி, தொலைபேசிக் கம்பனி, பாதுகாப்புச் சேவைக் கம்பனிகளில் கிடைக்கும். கணனி பழுதுபார்க்கிற அல்லது உதவி மேசை வேலையில சேர்ந்து, அங்கிருந்து மாறுகிறவங்களும் நிறையப் பேர்.

7. மூன்று எச்சரிக்கை

ஒன்று: படித்த வித்தையை அடுத்தவர் கணனியில் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம். ஐந்து வருடம் வரை சிறை விதிக்கலாம். 2016 ஆகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்தை ஊடுருவியதாகக் கைதானவர்களில் ஒருவர் 17 வயது மாணவர். சொந்தக் கணனி, பயிற்சிக்கென்றே திறந்து வைத்த தளம், இந்த இரண்டில் மட்டும் பழகுங்கள்.

இரண்டு: ‘கொம்பியூட்டர் வேலை, டொலரில் சம்பளம், உடனே வா’ என்று வரும் அழைப்பை நம்பாதீர்கள். 2023, 2024ஆம் ஆண்டுகளில் இப்படி ஆசை காட்டப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்பட்டார்கள். இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றும்படி அவர்களை அடித்து வேலை வாங்கினார்கள். வெளிநாட்டு வேலை எதுவானாலும் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் முதலில் விசாரியுங்கள்.

மூன்று: வீட்டிலிருந்தே காவலைத் தொடங்குங்கள். ஃபோனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் அம்மா அப்பா சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் பொறுப்பு. முக்கியமானவற்றுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டது. பிரதி இல்லாததால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்துபோயின. சைபர் முறைப்பாடுகளை இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 இலக்கத்தில் அறிவிக்கலாம்.

மீட்டற் கேள்விகள்

1. லொக் என்பது என்ன? தோட்டத்தில் அதற்கு ஒப்பானது எது?
2. டாக்காவில் பழுதான பிரின்டர் நமக்குச் சொல்லும் பாடம் என்ன?
3. அறிக்கையில் இருக்க வேண்டிய ஐந்து விடயங்கள் எவை?

பிள்ளைகள் விடையை எழுதிப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெற்றோரே, கணனி தெரியாது என்று தள்ளி நிற்காமல் கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்களுக்கு விளங்கினால் பிள்ளைக்கும் பாடம் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.