மணிக்கட்டு காட்டும் எண்

ஓடி முடித்தவுடன் நம்மில் பலர் முதலில் பார்ப்பது மணிக்கட்டைத்தான். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை எத்தனை நிமிடத்தில் முடித்தோம், எத்தனை காலடிகள் வைத்தோம், இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடித்தது என எல்லாவற்றையும் திறன்கடிகாரம் நொடியில் காட்டிவிடுகிறது. இந்த எண்களுள் நேரத்தை நாம் தயங்காமல் நம்பலாம். கடிகாரம் அதை நேரடியாக அளக்கிறது. இதயத் துடிப்பு அப்படிப்பட்டதன்று. மணிக்கட்டில் இருக்கும் கருவி நெஞ்சுக்குள் இருக்கும் இதயத்தைப் பார்ப்பதில்லை. தோலுக்கு அடியில் ஓடும் இரத்தத்தைக் கவனித்து, இதயத்தின் வேகத்தைக் கணிக்கிறது. கணிப்பு என்றால் அதில் பிழை நேரவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பிழை எதனால் வருகிறது, எப்போது பெரிதாகிறது, அதனால் நமக்கு என்ன பாதிப்பு ஆகியவற்றை இப்பகுதியில் காண்போம்.

விரலிலிருந்து ஒளி வரை

மணிக்கட்டைத் தொட்டு உடல்நிலையை அறியும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாத, பித்த, கப நாடிகளின் நடையைக் கவனிப்பார். நாடியைக் கடிகாரத்தின் துணையோடு எண்ணும் முறைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர், இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃபுளோயர். ஒரு நிமிடம் மட்டும் ஓடும் கடிகாரத்தைப் பயன்படுத்தி நாடியை எண்ணுவது பற்றி அவர் 1707ஆம் ஆண்டில் நூல் எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லம் ஐந்தோவன், இதயம் துடிக்கும்போது உண்டாகும் மின்னோட்டத்தைத் துல்லியமாகப் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கினார். இதற்காக 1924ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மருத்துவமனைகளில் இன்று எடுக்கப்படும் இசிஜி எனும் இதய மின்வரைவுக்கு அதுவே அடிப்படை. 1982ஆம் ஆண்டில் பின்லாந்தின் போலார் நிறுவனம், கம்பியில்லாமல் இதயத் துடிப்பைக் காட்டும் கருவியை விளையாட்டு வீரர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை, இதயத்தின் மின்துடிப்பை உணர்ந்து கைக்கடிகாரத்துக்கு அனுப்பும்.

மணிக்கட்டுக் கருவி வேறு வழியில் செயல்படுகிறது. அது மின்துடிப்பைத் தேடாமல் ஒளியைப் பயன்படுத்துகிறது. விரல்களில் ஓடும் இரத்தத்தின் மாற்றத்தை ஒளியின் மூலம் அறியலாம் என்பதை அமெரிக்க அறிவியலாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1937ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

பச்சை ஒளி செய்யும் வேலை

திறன்கடிகாரத்தைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பச்சை நிறத்தில் சிறு விளக்குகள் மின்னுவதைக் காணலாம். அவற்றின் ஒளி தோலுக்குள் சென்று, ஒரு பகுதி திரும்பி வருகிறது. சிவப்பு நிறமுள்ள இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும் தன்மை கொண்டது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலின் நுண்ணிய குழாய்களில் இரத்தம் சற்று மிகுதியாகப் பாய்கிறது. அப்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த கணம் இரத்தம் குறையும்போது ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை உணர்கருவி பதிவுசெய்ய, மென்பொருள் அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என்று கணக்கிடுகிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. திரும்பி வரும் ஒளியில் மிகச் சிறிய பங்கு மட்டுமே இதயத் துடிப்பால் மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேக்கா சந்தையில் நின்றுகொண்டு, சற்றுத் தள்ளி நிற்கும் நண்பர் மெல்லப் பேசுவதைக் கேட்க முயன்றால் எப்படி இருக்கும்? ஓடும் ஒருவரின் மணிக்கட்டில் இதயத் துடிப்பைத் தேடுவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

பிழை நேரும் இடங்கள்

முதல் காரணம் அசைவு. ஓடும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறது. கடிகாரம் தோலின் மேல் நகர்கிறது. இடைவெளி வழியே வெளிச்சம் உள்ளே புகுகிறது. இவை எல்லாம் ஒளியின் அளவை மாற்றுகின்றன. குறிப்பாக, காலடிகளின் தாளத்தையே இதயத்தின் தாளம் என்று கருவி எடுத்துக்கொள்வதும் உண்டு. நிமிடத்திற்கு 170 காலடிகள் வைத்து ஓடும் ஒருவரின் இதயம் உண்மையில் 140 முறை துடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால், கடிகாரம் 170 என்று காட்டும். இரண்டு எண்களும் ஓடுபவருக்கு இயல்பானவையாக இருப்பதால் பிழையை உடனே கண்டுபிடிக்க முடிவதில்லை.

இரண்டாவது, கடிகாரம் கட்டப்பட்டிருக்கும் விதம். அது தளர்வாகவோ மணிக்கட்டு எலும்பின் மேலோ இருந்தால் உணர்கருவி தோலோடு ஒட்டாது. எடை தூக்கும்போதும் மிதிவண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றும்போதும் மணிக்கட்டு மடங்குவதால் இரத்த ஓட்டம் மாறுகிறது.

மூன்றாவது, குளிர். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் கருவிக்குக் கிடைக்கும் தடயமும் மங்குகிறது. நமது வெப்பநாட்டில் இது அரிது என்றாலும், குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தில் உடலைச் சூடேற்றாமல் ஓடத் தொடங்குபவருக்கு முதல் சில நிமிடங்களில் தவறான எண் தோன்றலாம்.

நான்காவது, தாமதம். அசைவினால் வரும் குழப்பத்தைக் குறைக்க, மென்பொருள் பல நொடிகளின் சராசரியை எடுக்கிறது. சீரான ஓட்டத்தில் இதனால் பெரிய இழப்பில்லை. ஆனால், 30 நொடி விரைந்தோடி 30 நொடி நடக்கும் பயிற்சியில், இதயம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகே கடிகாரத்தில் எண் ஏறுவதைப் பார்க்கலாம்.

ஐந்தாவது, தோல். பச்சை குத்திய இடத்தில் மை ஒளியைத் தடுக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். அப்படியானால் கருநிறத் தோல் உடையவர்களுக்குக் கருவி குறைவாகத்தான் பயன்படுமா? நம்மில் பலர் கேட்கவேண்டிய கேள்வி இது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெவ்வேறு தோல் நிறம் கொண்ட 53 பேரிடம் இதைச் சோதித்தனர். நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு அவர்களுக்குத் தென்படவில்லை. மாறாக, ஓய்வில் இருந்ததைவிட உடல் அசையும்போது பிழை சராசரியாக 30 விழுக்காடு கூடியிருந்தது. எனினும், மற்ற ஆய்வுகள் எல்லாம் இதே முடிவுக்கு வரவில்லை. ஆகவே, ஒரு கருவி யாரிடம் சோதிக்கப்பட்டது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

எவ்வளவு பிழை?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 50 பேரை ஓட்டப்பொறியில் நடக்கவும் ஓடவும் செய்து, மணிக்கட்டுக் கருவிகள் நான்கையும் நெஞ்சுப்பட்டை ஒன்றையும் இதய மின்வரைவோடு ஒப்பிட்டனர். 2017ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், முழுப் பொருத்தத்தை 1 எனக் கொண்டால் நெஞ்சுப்பட்டை 0.99 பெற்றது. மணிக்கட்டுக் கருவிகள் 0.83 முதல் 0.91 வரையே பெற்றன.

அதே ஆண்டில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகளில் இதயத் துடிப்பின் பிழை 5 விழுக்காட்டுக்குள் அடங்கியது. ஆனால், எரித்த கலோரியைக் கணிப்பதில் மிகச் சிறந்த கருவிகூட 27 விழுக்காடு தவறியது. மிக மோசமான கருவி 93 விழுக்காடு தவறியது. அதன்பின் கருவிகள் மேம்பட்டுள்ளன. எனினும், ஒளியால் அளக்கும் முறையும் அசைவால் வரும் இடையூறும் அப்படியே இருக்கின்றன.

5 விழுக்காடு சிறிய அளவுதானே என்று தோன்றலாம். 160 துடிப்பில் அது 8 துடிப்பு. இதோடு இன்னொரு கணிப்பும் சேர்கிறது. பயிற்சியின் கடுமையைத் தீர்மானிக்கப் பலர் 220இலிருந்து வயதைக் கழித்து, அதைத் தம் இதயத்தின் உச்ச வேகமாகக் கொள்கின்றனர். 15 வயது மாணவருக்கு அது 205. ஹிரோஃபூமி தனாக்காவும் அவருடைய குழுவினரும் 2001ஆம் ஆண்டில் முன்வைத்த சூத்திரமோ, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. அதன்படி விடை 197.5. இரண்டு சூத்திரங்களுக்கு இடையிலேயே 7 துடிப்புக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. எனவே, “இதயம் 143ஐத் தாண்டக் கூடாது” என்பது போன்ற கட்டளையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதில் பொருளில்லை.

உடல் ஒன்று, எண் வேறு

மெதுவாக ஓடும் மாணவி ஒருத்தி 178 என்ற எண்ணைக் கண்டு அஞ்சி நின்றுவிடுகிறாள். அவளால் தோழியோடு தடையின்றிப் பேச முடிகிறது. மூச்சும் சீராகவே இருக்கிறது. அங்கே கடிகாரம் காலடிகளை எண்ணியிருக்கலாம். பட்டையைச் சரிசெய்து, நின்று, விரலால் நாடியை எண்ணினால் உண்மை விளங்கிவிடும்.

இதற்கு நேர்மாறான நிலைதான் ஆபத்தானது. நண்பகல் வெயிலில் ஓடும் மாணவனுக்குத் தலை சுற்றுகிறது, குமட்டல் வருகிறது. கடிகாரமோ 118 என்று காட்டுகிறது. “எண் குறைவாகத்தானே இருக்கிறது” என்று அவன் தொடர்ந்து ஓடினால் என்ன ஆகும்? தலைச்சுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்று ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். அப்போது கடிகாரத்தின் ஒப்புதல் தேவையில்லை.

இதனால் திறன்கடிகாரம் பயனற்றது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உடல் ஓய்வில் இருக்கும்போது அதன் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காலையில் எழுந்தவுடன் காட்டும் துடிப்பைச் சில வாரங்களுக்குக் குறித்துவைத்தால், உடல் வலுப்பெறுவதையோ களைப்பு சேர்வதையோ அதன் போக்கிலிருந்து அறியலாம். ஓடும்போது பட்டையை எலும்பிலிருந்து ஒரு விரல் அளவு மேலே, இறுக்கமாக ஆனால் வலிக்காமல் கட்ட வேண்டும். விரைவோட்டப் பயிற்சியில் துல்லியம் தேவைப்பட்டால் நெஞ்சுப்பட்டை நல்லது.

செய்து பாருங்கள்

இருவர் இருவராகச் சேருங்கள். ஐந்து நிமிடம் அமர்ந்தபின் உங்கள் நாடியை 30 நொடி எண்ணி 2ஆல் பெருக்குங்கள். அதே நேரத்தில் கடிகாரம் காட்டும் எண்ணை நண்பர் குறித்துக்கொள்ளட்டும். பிறகு திடலை ஒருமுறை சுற்றி ஓடி வந்து, நின்றவுடன் 15 நொடி மட்டும் எண்ணி 4ஆல் பெருக்குங்கள். ஓடி நின்றபின் துடிப்பு விரைந்து குறைவதால் நீண்ட நேரம் எண்ணக் கூடாது. ஆனால், 15 நொடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் விடையில் 4 குறையும் என்பதையும் மறவாதீர்கள். விரலும் ஒரு கருவிதான். அதற்கும் பிழை உண்டு.

கலந்துரையாடுக

1. இரண்டு அளவுகளும் எப்போது மிகவும் ஒத்துப்போயின? எப்போது விலகின? காரணம் என்ன?

2. உங்கள் கடிகாரம் காட்டும் எண்ணும் உங்கள் உடல் உணர்த்துவதும் முரண்பட்டால், என்னென்ன செய்து உண்மையைக் கண்டறிவீர்கள்?

3. உடற்கல்விப் பாடத்தில் மாணவர்களின் முயற்சியைக் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பைக் கொண்டு மதிப்பிடுவது நியாயமா? பகுதியில் உள்ள சான்றுகளைக் கொண்டு உங்கள் கருத்தை நிறுவுக.