வெள்ளிக்கிழமைச் சொல்வதெழுதல்: வீட்டில் எந்த வழி?

திங்கட்கிழமை மிஸ் பத்துச் சொற்களைக் கொப்பியில் எழுதி அனுப்புவார். வெள்ளிக்கிழமை சொல்வதெழுதல். இடையில் உள்ள நான்கு இரவுகளும் வீட்டின் பொறுப்பு. கொழும்புப் பிள்ளைக்கு இந்தப் பட்டியல் ஒன்றோடு முடிவதுமில்லை. தமிழ்மொழிப் பாடசாலையில் தரம் 3இல் ஆங்கிலம் எழுத்துப் பாடமாக வந்துவிடும், இரண்டாம் மொழியாகச் சிங்களமும் கூட வரும். வெள்ளவத்தையின் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைக்கோ ஆங்கிலப் பட்டியல்தான் பெரியது. தமிழ், வீட்டார் வற்புறுத்தினால் உண்டு.

நம் வீடுகளில் முதலில் வரும் கட்டளை "பத்துத் தரம் எழுது" என்பதுதான். கட்டளை போட்டவர் சமையலறைக்குப் போய்விடுவதால் அடுத்து நடப்பதைப் பார்ப்பதில்லை. பிள்ளை 'கிணறு' என்று பத்துத் தரம் எழுதாது. மேலிருந்து கீழாகப் பத்து 'கி', பிறகு பத்து 'ண', கடைசியில் பத்து 'று' என்று இறக்கிக்கொண்டே போகும். பக்கம் நிறையும், சொல் மனதில் ஏறாது. இது உறுப்பெழுத்துக்கான பயிற்சி. எழுத்தின் வடிவமே கைக்கு வராத தரம் 1, 2 பிள்ளை இரண்டு மூன்று தரம் பார்த்து எழுதட்டும். அதற்கு மேல் எழுதவைப்பது கைக்கு வலி மட்டுமே.

இரண்டாவது வழி, பார்த்து, மூடி, எழுதி, சரிபார்ப்பது. இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. மலிபன் வீதியில் டசின் கணக்கில் வாங்கிவைத்த கொப்பிகளில் ஒன்றே போதும். தாளை மூன்று பத்தியாக மடியுங்கள். முதல் பத்தியில் சொல். பிள்ளை அதைப் பார்த்து, வாயால் சொல்லி, தாளை மடித்து மறைத்து, இரண்டாம் பத்தியில் நினைவிலிருந்து எழுதும். பிறகு தானே திறந்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும். மூன்றாம் பத்தி நாளைக்கு. 'தானே' என்பதை விட்டுவிடாதீர்கள். 1947இல் அமெரிக்காவில் தோமஸ் ஹோர்ன் மாணவர்களைச் சோதித்தபோது, தம் பிழையைத் தாமே திருத்துவதுதான் எழுத்துக்கூட்டலில் அதிகப் பலன் தந்தது என்று கண்டார். சிவப்புப் பேனாவை நீங்கள் எடுத்தால் அந்த வேலை உங்களுடையதாகிவிடும்.

வியாழன் இரவு எல்லாம் சரியாக எழுதிய பிள்ளை அடுத்த மாதம் அதே சொல்லில் தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அது சிறுபிள்ளைகள் மீது செய்த சோதனையல்ல. ஆனாலும் வியாழன் இரவின் கெட்டித்தனத்தை அளவாக நம்பவேண்டும் என்பதற்கு அது போதும்.

மூன்றாவது, பெரியவர் சொல்லப் பிள்ளை எழுதுவது. வெள்ளிக்கிழமைச் சோதனையும் இதுவே என்பதால் விடவே முடியாது. ஆனால் நாம் செய்யும் விதம் கெட்டது. "கறி... பெரிய 'ற'" என்கிறோம், "மணம்... மூன்று சுழி" என்கிறோம். விடையையே சொல்லிக்கொடுத்துவிட்டு எதைச் சோதிப்பது? சொல்லை வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். "பள்ளிக்குப் போனேன்", "சுவரில் பல்லி" என்றால் பொருளே எழுத்தைத் தேர்ந்துகொள்ளும். 'பழம்' நம்மில் பலர் வாயில் 'பளம்' என்றே வருவதால், காதை மட்டும் நம்பிய பிள்ளை தோற்பது நியாயம்தான்.

தமிழ்ப் பட்டியலுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. பாதிக் குழப்பம் விதியால் தீரும். 'ன'வும் 'ண'வும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அங்கே 'ந' மட்டும். 'த'வுக்கு முன் 'ந்' (பந்து), 'ட'வுக்கு முன் 'ண்' (வண்டி), 'ற'வுக்கு முன் 'ன்' (கன்று). 'ர்' இரட்டிக்காது, 'ற்' இரட்டிக்கும்: காற்று, வெற்றி. இவற்றை ஒரு அட்டையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினால், நினைவில் வைக்க மிஞ்சுவது அணில், கிணறு, பூனை, யானை போன்றவைதான். ழகரச் சொற்களைக் கூட்டமாகப் படிக்கலாம்: மழை, வாழை, பழம், ஏழு, கிழமை. (அம்மம்மாவோ தாத்தாவோ எழுதிக்கொடுத்தால், தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'ணை' வரக்கூடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம் அது. பிழை என்று பிள்ளை முன்னால் வாதாடாமல், பாடப்புத்தகத்தில் உள்ளதைக் காட்டினால் போதும்.)

ஆங்கிலத்துக்கு இந்த விதிகள் உதவா. வாயில் வராத எழுத்தை வாயில் வரவைப்பதுதான் அங்கே வழி. 'ஐலண்ட்' என்பதை எழுதும்போது மட்டும் 'இஸ்-லாண்ட்' என்றும், 'வென்ஸ்டே'யை 'வெட்-நெஸ்-டே' என்றும் சொல்லவிடுங்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். சிங்களத்தில் நமக்குத் தெரிந்த தலையிடியே திரும்ப வரும்: இரண்டு நகரம், இரண்டு லகரம், பேச்சில் ஒரே ஒலி. அங்கும் மூடி எழுதுவதே கைகொடுக்கும்.

போன் விளையாட்டுகளை நான் கடைசியில்தான் வைப்பேன். எழுத்துகளைத் தொட்டுச் சேர்ப்பது வேறு, வெறுந்தாளில் எழுதுவது வேறு. விசைப்பலகை சொல்லை முந்திக்கொண்டு காட்டினால் பயிற்சியே இல்லை. பத்துச் சொற்களுக்காக ரியூசனுக்கு அனுப்புவதும் வீண். அந்தக் காசுக்குச் செட்டியார் தெருப் பூபாலசிங்கத்திலோ பீப்பிள்ஸ் பார்க் சேமமடுவிலோ சிறுவர் கதைப் புத்தகம் வாங்கலாம். சொல் கண்ணில் அடிக்கடி பட்டால் எழுதுவதும் எளிது.

புறக்கோட்டைக் கடையில் நின்று, பிள்ளை தூங்கிய பிறகு வீடு வரும் அப்பாக்களுக்கு ஒரு வழி. கூட்டம் குறைந்த நேரத்தில் பத்துச் சொற்களையும் வாக்கியத்தோடு வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். பிள்ளை அதைக் கேட்டு எழுதித் தானே சரிபார்க்கும். ஆங்கிலம் தெரியாத அம்மாவும், எழுத்துப் பழக்கம் குறைந்த நாட்டாமி அப்பாவும் மூடி எழுதும் முறையைத் தயங்காமல் எடுக்கலாம். விடை தாளிலேயே இருக்கிறது, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

நான்கு இரவையும் இப்படிப் பிரிக்கலாம். திங்கள் இரவே ஒரு முன்சோதனை. தெரிந்த சொற்களை அடித்துவிடுங்கள். செவ்வாயும் புதனும் மிச்சத்தை மூடி எழுதட்டும், பத்து நிமிடம் போதும். வியாழன் முழுப் பட்டியலும், போன கிழமைச் சொல் இரண்டும் வாக்கியத்தோடு. போயா விடுமுறையில் அந்த மாதம் பிழைவிட்ட சொற்களை மட்டும் ஒருமுறை கேளுங்கள்.